அடுக்களையில் விளக்கு எங்கே இருக்க வேண்டும்?

மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், வாழ்க்கைப்பட்டுப் போன நாளிலிருந்து நாற்பது வருஷங்களுக்கு மேலாக என் அத்தை குடியிருந்து வரும் பழைய ஓட்டு வீட்டின் அடுக்களையைச் செப்பனிட்டுப் புதுப்பிப்பது என்று சென்ற வருஷம் தீர்மானமாயிற்று. மேடைக்குக் கருங்கல்லா டைல்ஸா, அலமாரிக்குத் தேக்கா அலுமினியமா என்பன போன்ற பெரிய விஷயங்களையெல்லாம் வீட்டார் தமக்குள் பங்கிட்டுக் கொண்டு, யாருக்கும் வேண்டாத விளக்கு விஷயத்தை மட்டும், பத்திரிகைக்கு எழுதுகிறவன் நாலும் படித்திருப்பான் என்ற நம்பிக்கையினாலோ என்னவோ, என் தலையில் கட்டினார்கள். நானும் அதை அற்ப காரியமாகவே எண்ணிக் கொண்டு கொச்சிக்கு ரயிலேறினேன்.

போன அன்று மழை. சாயங்காலம் ஐந்து மணிக்கே அடுக்களை இருண்டுவிட்டபடியால் இரண்டு டியூப் லைட்டுகளும் எரிந்தன; பக்கத்து உக்கிராண அறையில் ஆளே இல்லாமல் ஒரு 60 வாட் குண்டு பல்பும் எரிந்து கொண்டிருந்தது. முழங்கால் வலியினால் தரையில் உட்கார முடியாத அத்தை, முறத்தில் உளுத்தம் பருப்பைப் பரப்பி மேடைமேல் வைத்துக் கொண்டு, நின்றபடியே கல் பொறுக்கத் தொடங்கினாள். முறத்தை இப்படியும் அப்படியும் இரண்டு தரம் திருப்பினாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் அதைத் தூக்கிக் கொண்டு கொல்லைப்புறப் படிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் அத்தை, உள்ளேதான் ரெண்டு லைட் எரியுதே?"

"எரியுது, எரியாம என்ன! மேடைகிட்ட நின்னா என் தலை நெழலுதான் முறத்துல விழுது. கல்லு கண்ணுல படணுமே!"

விளக்குச் சாஸ்திரத்தில் நான் கற்ற முதல் பாடம் அதுதான். மேடை சுவரை ஒட்டி இருந்தது. விளக்குகளோ எதிர்ச் சுவரில், உத்தரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தன. சமைக்கிறவள் சுவரைப் பார்த்து நிற்க, வெளிச்சம் அவள் முதுகில் விழுந்து, அவளுடைய நிழலைக் கொண்டு போய்க் காய் நறுக்கும் பலகையின் மேலும் கொதிக்கிற குழம்பின் மேலும் போட்டது. நூறு வாட்டுக்குக் குறையாத மின்சாரம் அந்த அறையில் செலவாகிக் கொண்டிருந்தது. அது வேண்டிய இடமோ இரண்டு சதுர அடி. அந்த இரண்டு சதுர அடிக்குத்தான் அது எட்டவில்லை.

இது அத்தை வீட்டுக்கு மட்டும் நேர்ந்த குறை அல்ல. தமிழரும் மலையாளிகளும் கொங்கணிகளும் குஜராத்திகளும் யூதரும் ஒருவருக்கொருவர் தோளோடு தோள் இடித்துக் கொண்டு வாழ்ந்த மட்டாஞ்சேரியில், வீடுகளும் அப்படியே சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. பக்கவாட்டில் ஜன்னலுக்கு இடமில்லை. முகப்பில் நுழைகிற வெளிச்சம் கூடத்தோடு நின்றுவிடும். கொல்லைப்பக்கத்து வெளிச்சத்தை மாமரமோ அடுத்த வீட்டு மாடியோ மறித்துக் கொள்ளும். வெட்டுக்கல் சுவர்கள் கனமானவை, மச்சுப் பலகைகளோ பல தலைமுறைப் புகை ஏறிக் கறுத்தவை. இத்தகைய அடுக்களையில் விளக்கு என்பது அலங்காரம் அல்ல, கத்தியையும் கரண்டியையும் போல ஒரு கருவி. கருவி கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

எல்.இ.டி. தானே!

மறுநாள் வயர்மேன் வந்தார். அறையை அண்ணாந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மச்சுக்குக் கீழே ஒரு பொய்க்கூரை அடித்து, அதில் 12 வாட்டில் எட்டு டவுன்லைட்டுகளைப் பதித்து, கூரை ஓரமாகப் பத்து மீட்டருக்கு ஸ்ட்ரிப் லைட் ஓட்டிவிட்டால் "ஹோட்டல் மாதிரி" இருக்கும் என்று தம் திட்டத்தை எடுத்துரைத்தார். கரண்டு பில் ஏறாதா என்று அத்தை கேட்டதற்கு, கை விரித்துச் சிரித்தார்.

"சேச்சி பேடிக்க வேண்டாம். எல்.இ.டி. தானே! கரண்டு ஒண்ணும் ஆகாது."

நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். பழைய டியூப் லைட் ஒன்று, அதன் தாமிரச் சோக் விழுங்குவதையும் சேர்த்து, ஏறக்குறைய 50 வாட் இழுக்கும், இரண்டுக்கும் 100, உக்கிராண அறைக் குண்டு பல்பு 60, ஆகப் பழைய அடுக்களையின் செலவு 160 வாட். புதிய திட்டத்தில் டவுன்லைட்டுகள் எட்டுக்கும் 96 வாட், மீட்டருக்குப் பத்து வாட் வீதம் ஸ்ட்ரிப் லைட்டுக்கு 100, ஆக 196. சிக்கன விளக்குகளை வாங்கிப் போட்டு, பழைய விரயத்தையும் மிஞ்சிவிட இருந்தோம்! அது மட்டுமா? அவ்வளவு விளக்கும் மச்சிலேயே இருக்கப் போவதால், மேடைமேல் அத்தையின் நிழல் ஒன்றுக்குப் பதில் மூன்றாகச் சிதறி விழுந்திருக்கும்.

இந்த விபரீதத்தை 1865ஆம் வருஷத்திலேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர், நிலக்கரியைப் பற்றி எழுதிய நூலில் எடுத்துக் காட்டியிருக்கிறார். நீராவி இயந்திரங்கள் திருந்தி, குறைந்த கரியில் அதிக வேலை செய்யத் தொடங்கியதும், தேசத்தின் கரிச் செலவு குறைவதற்குப் பதில் கூடிற்று; மலிந்து போன ஒன்றை மனிதன் அளவோடு உபயோகிப்பதில்லை. கரிக்குச் சொன்னது விளக்குக்கும் பொருந்துகிறது. 'எல்.இ.டி. தானே' என்ற இரண்டு வார்த்தைகள் நம் வீடுகளில் இன்று எரிய வைத்திருக்கும் அனாவசிய விளக்குகள் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் வயர்மேனைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்.இ.டி.யின் மகிமை உண்மையிலேயே அப்படிப்பட்டது. எடிசன் காலத்திலிருந்து வந்த இழை பல்பு, விளக்கு என்று பெயர் வைத்துக் கொண்டிருந்த ஓர் அடுப்பு. அதற்குக் கொடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் வெளிச்சமாகும், மிச்சமெல்லாம் உஷ்ணமாகவே போகும். எல்.இ.டி.யில் எரிவதற்கு இழை இல்லை. குறைகடத்தி எனப்படும் ஒருவகைப் படிகத்துக்குள் மின்சாரம் பாயும்போது அது நேரே ஒளியாக மாறுகிறது. சிவப்பு ஒளி தரும் படிகத்தை 1962லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நீல ஒளிதான் முப்பது வருஷ காலம் விஞ்ஞானிகளுக்குப் பிடி கொடாமல் இருந்தது. அகாசாகி, அமானோ, நகாமுரா என்ற மூன்று ஜப்பானியர் அதையும் பிடித்துத் தந்தபின், நீல ஒளியின்மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சைப் பூசி வெள்ளை வெளிச்சத்தை உண்டாக்குவது சாத்தியமாயிற்று. அந்த மூவருக்கும் 2014ஆம் வருஷத்தில் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று 60 வாட் குண்டு பல்பு தந்து வந்த வெளிச்சத்தை ஒன்பது வாட் எல்.இ.டி. தாராளமாகத் தந்துவிடுகிறது.

கேரளம் இதை நன்றாக உணர்ந்த ராஜ்யம். அங்கே மின்சாரம் பெரும்பாலும் மலையிலிருந்து இறங்கும் நீரில் பிறப்பது. மழை பொய்த்தால் அணை வற்றும். தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும் பகுதியை வெளியிலிருந்து வாங்கித் தீர வேண்டிய நிலைமை. ஆகவே 2010ல் வீடு வீடாகக் குண்டு பல்புகளை வாங்கிக் கொண்டு சி.எஃப்.எல். விளக்குகளைச் சொற்ப விலைக்குக் கொடுத்தார்கள். பிறகு 'ஃபிலமென்ட் இல்லாத கேரளம்' என்ற திட்டம் 2021 ஜனவரியில் தொடங்கி, இழை பல்புக்கும் சி.எஃப்.எல்.லுக்கும் பதிலாக ஒன்பது வாட் எல்.இ.டி.யை மூன்று வருஷ உத்தரவாதத்தோடு மின்சார வாரியமே கொண்டு வந்து கொடுத்தது. அதற்கு முன்பே காசர்கோடு ஜில்லாவின் பீலிக்கோடு பஞ்சாயத்து, இழை பல்பே இல்லாத முதல் பஞ்சாயத்தாகப் பெயர் வாங்கியிருந்தது. தேசம் முழுவதற்குமாக 2015ல் ஆரம்பமான உஜாலா திட்டத்துக்காக மொத்தமாகக் கொள்முதல் செய்ததில், 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் கொள்முதல் விலை இரண்டே வருஷங்களில் 38 ரூபாயாக இறங்கிற்று.

இதனால் ஆகும் லாபத்தை ஒரு சிறு பெருக்கலால் அறியலாம். ஓர் 60 வாட் பல்பை எடுத்துவிட்டு ஒன்பது வாட் பல்பைப் போட்டால் 51 வாட் மிச்சம். ஒரு கோடி பல்புகளை இப்படி மாற்றி, அவை யாவும் ஒரே நேரத்தில் எரிவதாக வைத்துக் கொண்டால் மிச்சம் 510 மெகாவாட். குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையே பெரியாற்றை மறித்துக் கட்டி, 1976ல் உற்பத்தி தொடங்கிய இடுக்கித் திட்டத்தின் முழுத் திறனே 780 மெகாவாட்தான். மலையைக் குடையாமலும் காட்டை மூழ்கடிக்காமலும், வீட்டு ஹோல்டரிலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடுக்கியைக் கட்டிவிடலாம் என்றால் அது சாமானிய விஷயமல்ல.

தூக்கு விளக்கு கற்பித்த பாடம்

மத்தியான்னம், மூளை குழம்பியவனாக யூதத் தெருப் பக்கம் நடந்தேன். 1568ல் கட்டிய பரதேசி யூதர் ஜெபாலயத்துக்குள், நீலச் சீன ஓடுகள் பாவிய தரைக்கு மேலே, கண்ணாடி விளக்குகள் சரஞ்சரமாகத் தொங்குகின்றன. வெளியே தெருவின் இரு மருங்கிலும் பழம்பொருள் கடைகள். அவற்றில் ஒன்றின் வாசலில், நீண்ட சங்கிலியோடு கூடிய பித்தளைத் தூக்கு விளக்கொன்று தொங்கிக் கொண்டிருந்தது. சங்கிலியின் கண்ணிகளை எண்ணிக் கொண்டு நின்றபோதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது: அந்தச் சங்கிலி விளக்கை உயரத்தில் ஏற்றி வைப்பதற்காக ஏற்பட்டதன்று, கீழே இறக்குவதற்காக ஏற்பட்டது!

எண்ணெய் விளக்கின் காலத்தில் வெளிச்சம் அருமையானது. ஆகவே அதை வேலை நடக்கிற இடத்துக்கே கொண்டு போனார்கள். உரல் பக்கத்தில் அகல் விளக்கு, அடுப்புக்குப் பக்கத்து மாடத்தில் சிமினி, படிக்கிற பிள்ளையின் முன்னால் குத்து விளக்கு. மின்சாரம் வந்ததும், அள்ள அள்ளக் குறையாத வெளிச்சம் கிடைத்துவிட்ட தைரியத்தில், விளக்கை மச்சில் ஏற்றி மாட்டிவிட்டு அறை முழுவதையும் நிரப்பத் தொடங்கினோம். வேலை கீழேயே தங்கிவிட்டது.

தூரத்துக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள சம்பந்தம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒரு புள்ளியிலிருந்து பரவும் ஒளி, தூரம் இரு மடங்கானால் கால் பங்காகிறது. ஐந்து மடங்கானால் இருபத்தைந்தில் ஒரு பங்காகிறது. பழைய வீடுகளின் மச்சு உயரமானது. மேடைக்கும் மச்சு விளக்குக்கும் இடையே எட்டடி இருந்தால், மேடைக்கு ஒன்றரையடி மேலே வைக்கிற ஒரு சிறு விளக்கு அதன் பத்தில் ஒரு பங்கு மின்சாரத்திலும் அதைத் தோற்கடித்துவிடும்.

இதைக் கணக்கிட இரண்டு அளவுகள் தெரிந்திருந்தால் போதும். விளக்கிலிருந்து புறப்படும் மொத்த ஒளிக்கு லூமன் என்று பெயர். அது ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு வந்து விழுகிறது என்பது லக்ஸ். குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரை லூமன் என்றால், பாத்தியில் தேங்கி நிற்கிற தண்ணீர் லக்ஸ். சமையல் மேடைமேல் 300 முதல் 500 லக்ஸ் வரை இருப்பது உத்தமம் என்பது பொதுவாக நிபுணர்களின் அபிப்பிராயம்; நடமாடுவதற்கு அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையின் பரப்பு ஏறக்குறைய 11 சதுர மீட்டர். 2000 லூமன் தரும் 20 வாட் எல்.இ.டி. குழல் ஒன்றை உயரத்தில் மாட்டி, அதன் ஒளியில் பாதி சுவரிலும் மச்சிலும் போய்விடுவதாகக் கொண்டால், எங்கும் 90 லக்ஸ் சுமாராகக் கிடைக்கும். நடமாட அது போதும். மேடையோ ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அதற்கு மேலுள்ள பரணின் அடியில் 1000 லூமன் தரும் பத்து வாட் குழல் ஒன்றை வைத்தால், பாதி வீணானாலும் 450 லக்ஸ் வந்துவிடும்.

அந்தச் சாயங்காலம் வயர்மேனும் நானும் அத்தையை மேடைமுன் நிற்க வைத்து, கையில் கத்தியைக் கொடுத்து, அவளுடைய தலையும் தோளும் கையும் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்துச் சாக்கட்டியால் குறி போட்டோம். குழலைப் பரணின் உள்மூலையில் வைக்காமல் முன்விளிம்பை ஒட்டி வைப்பது, கண்ணைக் கூசாதபடி அதன் முன்னால் இரண்டங்குல மரப் பட்டி ஒன்றை அடிப்பது, அடுப்புக்கு இடப்பக்கச் சுவரில் அவளுடைய தோள் உயரத்தில் ஐந்து வாட் விளக்கு ஒன்று, உக்கிராண அறைக்கு ஐந்து வாட், அறைக்குப் பொதுவாக அந்த 20 வாட் குழல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்விட்ச் என்று முடிவாயிற்று. ஆக மொத்தம் 40 வாட்.

அடுத்த நாள், சுவரைப் பூசுவதற்காக அடுப்புக்கு இடப்புறம் நின்ற பழைய மர அலமாரியைப் பெயர்த்து எடுத்தார்கள். அதன் பின்னால், நாங்கள் குறி போட்ட இடத்துக்கு அரை முழம் தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் முக்கோண மாடம் ஒன்று இருந்தது. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு. மேலே நாக்குப்போலப் புகைக் கறை. அத்தை அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க மாமியா இங்கதான் வெளக்கு வெப்பாங்க. கரண்டு போன ராத்திரியில நானும் வெச்சிருக்கேன். அலமாரி வந்தப்புறம் மறந்தே போச்சு."

வயர்மேன் சாக்கட்டிக் குறியை அழித்துவிட்டு, வயரை மாடத்துக்கு இழுத்தார்.

கடையில் எதைப் பார்ப்பது?

விளக்கு வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் மறக்க வேண்டியது வாட் என்ற வார்த்தையை. வாட் என்பது விளக்கு தின்னுகிற தீனி. அது கறக்கிற பால் லூமன். இரண்டும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும். லூமனை வாட்டால் வகுத்து வருவதே விளக்கின் யோக்கியதை. அது நூறுக்குக் குறையாமல் இருக்குமாறு பார்த்துக் கொள்வது நல்லது. 2018 முதல் எல்.இ.டி. பல்புகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட நட்சத்திர முத்திரையும் இந்தக் கணக்கைத்தான் வேறு விதமாகச் சொல்கிறது. அதோடு இந்தியத் தரநிர்ணய முத்திரையும், எழுத்து மூலமான உத்தரவாதமும் இல்லாத விளக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அடுக்களைக்கு வேண்டாம்.

அடுத்தது நிறம். விளக்கின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள். 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 6500 என்றால் நீலம் பாரித்த வெள்ளை. நம் நாட்டில் வெளிச்சம் என்றாலே பால் வெள்ளை என்ற அபிப்பிராயம் ஊறிக் கிடப்பதால் கடைக்காரர் பெரும்பாலும் 6500ஐத்தான் எடுத்து நீட்டுவார். அடுக்களை மேடைக்கு இரண்டுக்கும் நடுவான 4000 பாந்தமானது. மாடம் போன்ற இடத்துக்கு 2700 போதும்.

நிறத்தினும் முக்கியமானது, சாமான்களின் நிறத்தை உள்ளபடி காட்டும் குணம். சூரிய வெளிச்சத்தில் ஒரு பொருள் எப்படித் தெரிகிறதோ அப்படியே காட்டுகிற விளக்குக்கு நூறு மார்க் என்று வைத்து, சி.ஆர்.ஐ. என்ற பெயரில் மார்க் போடுகிறார்கள். சாதாரண எல்.இ.டி. 80 வாங்கும், சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் 90க்கு மேற்பட்டதும் கிடைக்கிறது. மட்டாஞ்சேரியில் இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம், ஒரு மீன் போதும். வாங்கி வந்த அயிலையின் செவுளை விரித்துப் பார்க்கிறபோது, மட்டமான விளக்கின் அடியில் நல்ல மீனும் பழுப்பாகத் தெரியும். உயர்ந்த விளக்கின் அடியில் இரத்தச் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். எண்ணெயில் வற்றல் மிளகாய் சிவக்கிறதா கருகுகிறதா என்று அறிவதும் இந்தக் குணத்தினால்தான். மேடைக்கு மேலுள்ள ஒரே ஒரு விளக்குக்காகிலும் 90ஐக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

இன்னொரு சோதனை: எரியும் விளக்கைக் கைபேசியின் காமிராவால் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால், அந்த விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நெடுநேரம் அதன் அடியில் வேலை செய்கிறவர்களுக்குக் கண் அயர்ச்சியும் தலைவலியும் வரலாம்.

பழைய டியூப் லைட்டின் பட்டியையே வைத்துக் கொண்டு குழலை மட்டும் எல்.இ.டி.யாக மாற்றுகிறவர்கள், உள்ளே இருக்கும் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி, நேர் இணைப்பாக மாற்றச் சொல்ல வேண்டும். இல்லையேல் வேலையற்ற சோக், பென்ஷன் வாங்குகிறவரைப்போல, தன் பங்கைத் தவறாமல் பெற்றுக் கொண்டே இருக்கும். கூரையில் பதிக்கிற டவுன்லைட் பழுதானால் முழு விளக்கையுமே எறிய வேண்டியிருக்கும். ஹோல்டரில் மாட்டுகிற பல்பானால் பல்பை மட்டும் மாற்றினால் போதும் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

உப்புக் காற்றும் துலாமழையும்

எல்.இ.டி. இருபதாயிரம் மணி நேரம், ஐம்பதாயிரம் மணி நேரம் எரியும் என்று பெட்டியில் போட்டிருப்பது பொய்யல்ல; ஆனால் அது படிகத்தின் ஆயுள். மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கிப் படிகத்துக்கு ஊட்டுகிற டிரைவர் என்ற சிறிய சுற்றுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. விளக்கு 'போயிற்று' என்றால் பெரும்பாலும் போனது டிரைவர்தான். அதற்கு முக்கிய சத்துரு உஷ்ணம். காற்றுப் புகாத கூண்டுக்குள்ளும், அடுப்புக்கு நேர் மேலேயும் சாதாரண எல்.இ.டி.யை வைப்பது அதைக் கொல்லுவதற்குச் சமானம். எங்கள் மாட விளக்குக்கு இடைஞ்சல் நேராதபடி அடுப்பை இரண்டடி வலப்புறம் நகர்த்தினோம்.

கொச்சியில் இன்னும் இரண்டு சத்துருக்கள் உண்டு. ஒன்று காயல் காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்த அந்தக் காற்று இரும்பு ஸ்குரூவை ஒரு மழைக்காலத்திலேயே அரித்துவிடும். ஆகையால் தொட்டிக்கும் அடுப்புக்கும் அருகிலுள்ள விளக்குகள் நீர் தெறித்தாலும் உள்ளே புகாத மூடியோடு, ஐ.பி. 44 அல்லது அதற்கு மேற்பட்ட குறியீடு உள்ளனவாக இருப்பது க்ஷேமம். மற்றொன்று இடி. ஐப்பசி மாதத்துத் துலாமழையின்போது சாயங்காலந்தோறும் மின்னல் வெட்டுகிற நாடு அது. எங்கோ விழுந்த மின்னல் கம்பி வழியே அனுப்புகிற அதிர்ச்சி, குண்டு பல்பை ஒன்றும் செய்யாது, டிரைவரைச் சுட்டுவிடும். "துலாமழை கழிஞ்சா எனக்கு வேலை ஜாஸ்தி, சாரே" என்று சிரித்த வயர்மேன், மெயின் பெட்டியில் மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றை வைத்து, பூமி இணைப்பை ஓம் மீட்டரால் சோதித்து, கசிவு மின்சாரத்தை உணர்ந்து தானே அணைகிற 30 மில்லி ஆம்பியர் சாதனமும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பொத்தானை அமுக்கிப் பார்த்தார். ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடுகிற அடுக்களையில் அந்தப் பொத்தான்தான் எல்லா விளக்கையும்விட முக்கியம். பழைய வெட்டுக்கல் சுவரைக் குடைந்தால் சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று உதிரும் என்பதால் வயர்களைச் சுவருக்கு மேலேயே பட்டியில் ஓட்டினோம். பார்வைக்குச் சற்று மட்டம், பழுது பார்ப்பதற்கு மகா சௌகரியம்.

காசில்லாத இரண்டு விளக்குகள்

கடைகளில் கிடைக்காத விளக்குகள் இரண்டு உண்டு. ஒன்று வெள்ளைச் சுண்ணாம்பு. புகை படிந்த சுவரும் மச்சும் வெளிச்சத்தைக் குடித்துவிடும். வெள்ளையடித்த சுவர் தன்மேல் விழுந்ததில் முக்கால் பங்குக்கு மேலாகத் திருப்பி அனுப்பும். மச்சுப் பலகையைத் தேய்த்துக் கழுவி, சுவரை வெள்ளையடித்த அன்று, விளக்குகள் இன்னும் வராத நிலையிலேயே, அறை ஒரு மணி நேரம் தாமதமாக இருட்டியது. மற்றொன்று கண்ணாடி ஓடு. மங்களூர் ஓடு வேய்ந்த கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டு அதே அச்சில் வார்த்த கண்ணாடி ஓடுகளை வைக்கும் வழக்கம் மலையாள தேசத்தில் வெகு காலமாக உண்டு. அடுக்களைக்கு மேல் மச்சு இல்லாமல் சாய்ப்பு இறங்குகிற பாகத்தில் இரண்டு கண்ணாடி ஓடுகள் வைத்தோம். காலை எட்டு மணிக்கு மேல் மேடையின் பாதியில் சூரியனே விளக்குப் பிடிக்கிறான்.

பணக் கணக்கையும் சொல்லி முடித்துவிடுகிறேன். நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்தால், பழைய 160 வாட்டுக்கு மாதம் 24 யூனிட். புதிய 40 வாட்டுக்கு ஆறு யூனிட். மிச்சம் 18. யூனிட்டை ஆறு ரூபாயாகக் கொண்டால் மாதம் 108 ரூபாய். பெரிய ஐசுவரியம் என்று சொல்வதற்கில்லை. குளிர்ப்பெட்டியும் வெந்நீர்ப் பாய்லரும் தின்பதன் முன்னால் விளக்கின் பங்கு சிறியதே. ஆயினும் கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டாதவரைதான் படிப்படியான விகிதம்; தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் உயர்ந்த விகிதம் விழும். அந்த எல்லையில் ஊசலாடுகிற குடும்பத்துக்கு 18 யூனிட் என்பது படிக்கு இப்புறமா அப்புறமா என்ற கேள்வி. மேலும், அடுக்களை விளக்கு எரிவது பெரும்பாலும் சாயங்காலம் ஆறு முதல் பத்து மணி வரை. ராஜ்யம் முழுவதும் மின்சாரத்துக்குக் கை நீட்டுகிற நேரமும் அதுவே. அந்த நேரத்தில் மிச்சமாகும் ஒரு யூனிட்டுக்கு மற்ற நேரத்து யூனிட்டைவிட மதிப்பு அதிகம்.

கழற்றிய டியூப் லைட்டுகளை உடைக்காமல், பழைய காகிதத்தில் சுற்றி, வீடு வீடாக வந்து கழிவுகளைச் சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் மின் கழிவாக ஒப்படைத்தோம். அவற்றுக்குள் சொற்பமாகவேனும் பாதரசம் உண்டு. குப்பைத் தொட்டியில் போட்டு உடைந்தால் அது மண்ணோடும் காயலோடும் கலக்கும்.

வேலையெல்லாம் முடிந்து நான் ஊருக்குத் திரும்புகிற நாள் காலையில், புதிய மேடை விளக்கின் பிரகாசத்தை அத்தை எப்படி அனுபவிக்கிறாள் என்று பார்க்கும் ஆவலோடு அடுக்களைக்குள் போனேன். மேடை காலியாக இருந்தது, விளக்கும் அணைந்திருந்தது. அத்தை முறத்தோடு கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"இவ்வளவு பாடுபட்டுப் போட்டோமே, அத்தை!"

"ராத்திரிக்கு அது இருக்கட்டும்டா. வெயிலு இருக்கச்சே ஸ்விட்சு எதுக்கு?"

விளக்குகளைப் பற்றி நான் எழுத நினைத்திருந்த கட்டுரையில், அந்தக் கேள்விக்கு மேல் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை என்று தோன்றிற்று. நானும் படியில் உட்கார்ந்து, அத்தையோடு சேர்ந்து கொஞ்ச நேரம் கல் பொறுக்கிவிட்டு ரயிலுக்குப் புறப்பட்டேன்.